நரியும் இடது புருவமும்

ஜூன் 9

இதை நான் எழுதி வைக்காவிட்டால் பகவதி அக்கா சொல்வதுதான் வரலாறாக நிற்கும். ஆகவே நானே ஒப்புக்கொள்கிறேன். இன்று மத்தியானம் மொட்டை மாடியில், சாம்பாருக்கு வாங்கிய தடியங்காயை, அதாவது வெள்ளைப் பூசணியை, துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, அதன் முதுகைத் தட்டியபடி உலாத்திக்கொண்டிருந்தேன். பாடவும் செய்தேன்.

வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. தென்காசியில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை. வாரப் பத்திரிகை ஒன்றில் ‘குற்றாலலிங்கம் பக்கம்’ என்று போட்டோ போட்டு ஒரு நகைச்சுவைப் பத்தி. இத்தனை தகுதி உள்ள ஒருவன் காய்கறிக்குத் தாலாட்டுப் பாடுவதை, சாரலுக்கு முன் வற்றலை அள்ளிவிடலாம் என்று அடுத்த மாடிக்கு வந்த பகவதி அக்கா பார்த்துவிட்டாள். தெருவுக்கே இட்லி மாவு விற்பவள். மாவோடு செய்தியும் போகும். அவள் சிரிக்கக்கூட இல்லை.

“கழுத்தப் பிடிங்க தம்பி, தல தொங்குது” என்றாள்.

பிடித்தேன்.

ஜூன் 12

தடியங்காய்க்கான காரணம் அடுத்த வாரம் வருகிறது. கீழ் வீட்டில் என் தங்கை குழல்வாய்மொழியும் அவள் கணவர் அணைஞ்சபெருமாளும் இருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஆஸ்பத்திரி, கோயில், ஜோசியர் எல்லாம் ஓய்ந்தபின், வெளியூர்க் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து ஐந்து மாதப் பெண் குழந்தையை எடுத்து வளர்க்கப் போகிறார்கள்.

மாப்பிள்ளை கல்லூரியில் தத்துவம் சொல்லித்தருகிறார். அணைத்துப் போவதைப் பெயரிலேயே வைத்திருக்கும் மனிதர், வாதம் என்று வந்தால் மட்டும் ஒரு பக்கம்தான் நிற்பார். மனிதன் பிறக்கும்போதே சில எண்ணங்களோடு வருகிறானா, இல்லை ஒன்றுமில்லாமல் வருகிறானா என்று வெள்ளைக்காரர்கள் பல நூறு வருடமாகச் சண்டை போட்டார்களாம். அதில் மாப்பிள்ளை ஒன்றுமில்லாத கட்சி. அவருடைய அண்ணன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, யார் வீட்டு ரத்தமோ என்று இழுத்தபோது அந்தக் கட்சிதான் காப்பாற்றியது. “பிள்ளைன்னா எழுதாத சிலேட்டுண்ணே. எழுதப் போறது நாங்க” என்று முடித்துவிட்டார். குழலி அன்று சமையலறையில் நின்று அழுதாள். வெங்காயம் என்றாள். அடுப்பில் பாயசம் இருந்தது.

ஜூன் 14

பத்தி நாளைக்குப் போக வேண்டும், ஒரு வரி வரவில்லை. எனக்கு நகைச்சுவை வர வேண்டுமானால் பேனா மூடியைக் கடிக்க வேண்டும், இடது காலை ஆட்ட வேண்டும். எழுத்துக்காக என் உடம்பு படும் பாடு மொத்தமே இதுதான். மூடி தீர்ந்தது. கால் வலிக்கிறது.

ஜூன் 18

வந்துவிட்டாள்.

மழை என்று சொல்ல முடியாத, வெயில் என்றும் சொல்ல முடியாத ஒரு வெளிச்சத்தில் கார் வந்து நின்றது. சாரல் கண்ணாடியில் வழிய, குழலியின் மடியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. அதற்குள் இரண்டு கண். வீட்டை, தெருவை, என்னை எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போன ஆளைப்போல் பார்த்தாள்.

இனி எழுதப் போவது குழலிக்குத் தெரிந்தால் என்னை மாடியிலிருந்து இறக்க மாட்டாள், தள்ளிவிடுவாள். நான் சேனை வைத்துவிட்டேன். நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சொட்டு இனிப்புத் தண்ணீரை நல்ல குணமுள்ள ஆளாகப் பார்த்து நாக்கில் வைக்கச் சொல்வார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும். அதனால்தான் எவனாவது முரண்டு பிடித்தால் உனக்கு யார் சேனை வைத்தது என்று ஊரே கேட்கிறது. இவளுக்கு யார் வைத்தார்கள், வைத்தார்களா என்பதே தெரியாது. டாக்டர்கள் இப்போது இதெல்லாம் கூடாது என்கிறார்கள். ஆனாலும் தாய்மாமன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? மற்றவர்கள் ஆரத்தித் தட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, கை கழுவி, சீனித் தண்ணீரில் சுண்டுவிரலை நனைத்து ஒரு பொட்டு.

நக்கினாள். மங்கலாக விழுந்த ஜெராக்ஸைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். புறங்கையால் இடது புருவத்தை மேல்நோக்கி இரண்டு முறை தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள். பயணக் களைப்பு.

என் குணம் வந்தால் அவள் கதி என்ன என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஜூன் 20

அழுகை. கடை திறக்கவில்லை. தடியங்காய் அழாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூன் 23

ஞாயிறு மாதிரியும் இல்லாத, திங்கள் மாதிரியும் இல்லாத ஒரு திங்கள். நாள் முழுக்கச் சாரல். வீட்டில் மூன்று பெரியவர்களும் தூக்கத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறோம். காபி டம்ளரைத் தொட்டிலில் வைக்கப் போனேன்.

பகவதி அக்கா மாவோடு வந்தாள். தொட்டிலில் பாப்பா தூக்கத்திலேயே சிரித்தாள். பிறகு உதடு பிதுங்கியது. மறுபடி சிரிப்பு.

“நரி வந்திருக்கு” என்றாள் அக்கா.

மாப்பிள்ளை புத்தகத்தை மூடினார். அவர் புத்தகத்தை மூடினால் யாருக்கோ கெட்ட நேரம்.

“நீங்க நரியப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“நானும் பாத்ததில்ல. நாலு சுவத்துக்குள்ள கெடந்த பிள்ளைக்கு நரி எங்கருந்து வரும்?”

“நாம கொண்டாந்து விடணுமாக்கும். அது பொறக்கையிலயே கூட வாறது சார். பல்லு மொளச்சா போயிரும்.”

பல நூறு வருடச் சண்டையை இட்லி மாவுப் பாத்திரத்தோடு வந்து முடித்துவிட்டாள். மாப்பிள்ளை மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார். அக்கா விடவில்லை. நரி செய்யும் வேலையையும் விளக்கினாள். உன் அம்மா செத்துப்போய்விட்டாள் என்று நரி சொல்லுமாம். இப்போதுதானே அவளிடம் பால் குடித்தேன், பொய் சொல்கிறாய் என்று பிள்ளை சிரிக்குமாம். அப்பா செத்துப்போய்விட்டார் என்றால், அவரை இன்னும் சரியாகப் பார்த்ததில்லையே, உண்மையாக இருக்குமோ என்று அழுமாம்.

தொட்டிலில் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நரி எந்த அம்மாவைச் சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குழலி பால் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் துணி எடுத்து வருகிறேன் என்று போனாள். துணியைக் காலையிலேயே எடுத்தாகிவிட்டது.

ஜூன் 29

புருவத்தை முதலில் கவனித்தது மாப்பிள்ளைதான். பாப்பா தூங்கப் போகுமுன், ஒவ்வொரு தடவையும், இடது புருவத்தைப் புறங்கையால் மேல்நோக்கித் தேய்க்கிறாள். முடி எதிர்த்து நிற்கும்வரை. வலது புருவத்தைத் தொடுவதே இல்லை. அழகாகத்தான் இருக்கிறது என்றேன். மாப்பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெற்றுத் தாள் என்று எடுத்துவிட்டு, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஏற்கெனவே அச்சாகியிருப்பதைக் கண்டவர்கள் என் கடையில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“இது யாரோட கை மச்சான்?” என்று கேட்டார்.

ஜூலை 2

பாப்பாவுக்குப் பெயர் வைப்பதை மாப்பிள்ளை தள்ளிப்போட்டிருக்கிறார். நல்ல நாள் இல்லையாம். நல்ல நாள் பார்ப்பவர்களை வகுப்பில் கிழிகிழி என்று கிழிக்கும் மனிதர்.

ஜூலை 5

இன்று மாப்பிள்ளை மாடிக்கு வந்தார். பதினோரு வருடத்தில் அவர் என் மாடிக்கு வந்தது தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது மட்டும். மேகம் மலையிலிருந்து இறங்கி, தெருக்கோடி வரை வந்து, வீடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

கல்லூரிக்கு ரயிலில் போகும்போது, எதிரே இருக்கும் பெண்களின் கையைப் பார்க்கிறாராம். யாராவது தூக்கம் வருகிற நேரத்தில் புருவத்தைத் தேய்க்கிறார்களா என்று. பாவூர்சத்திரத்தில் ஏறும் ஒரு பெண் ஜன்னலில் சாய்ந்து நெற்றியில் கை வைத்தபோது அவர் எழுந்தே நின்றுவிட்டாராம். அவள் முடியை ஒதுக்கினாள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கணவர் இவரை முறைத்ததையும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

“நான் சிலேட்டுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். இவ எழுதி முடிஞ்சுல்ல வந்திருக்கா. எங்கேயோ ஒருத்தி புருவத்தத் தேய்ச்சிட்டு இருக்கா. நான் யாரோட பிள்ளைய வச்சிருக்கேன் மச்சான்?”

கலெக்டர் ஆபீசில் கடைசி உத்தரவு வாங்க வேண்டியது ஜூலை 24. இரண்டு பேரும் நேரில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் பாப்பா இல்லத்துக்குத் திரும்பிவிடுவாள். தன்னால் அந்தச் சம்மதத்தைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை என்றார். குழலியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாராம்.

ஜூலை 6

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று பாப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டியதும் இடது கையைத் துண்டுக்குள் வைத்துச் சுற்றிவிட்டாள். மாப்பிள்ளை குளிக்கப் போனதும் அவிழ்த்துவிட்டாள்.

ஜூலை 11

கடையில் மத்தியானம் கரண்ட் இல்லை. தாலுகா ஆபீஸ் ஓடு சாரலில் கறுத்துக் கிடந்தது. மிஷின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டேன்.

நரி வந்தது. பார்ப்பதற்குத் தாசில்தாரைப்போல இருந்தது, கண்ணாடி மட்டும் இல்லை. ஒரு வெற்றுத் தாளை நீட்டி, ஒரு காப்பி என்றது. இதில் ஒன்றுமே இல்லையே என்றேன். போடு என்றது. போட்டேன். மறுபக்கம் தாள் வெளியே வந்தபோது நெருக்கமாக, அடியிலிருந்து நுனிவரை எழுத்து. படிக்க முடியவில்லை, ஆனால் எனக்குப் பழக்கமான எழுத்து. உன் கையெழுத்துதானே என்றது நரி. அசல் எது நகல் எது என்று இருபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவன் நான். இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நரி காசு கொடுக்காமல் போய்விட்டது.

“அண்ணாச்சி, புருவத்துல என்ன, வலிக்கா?” என்று யாரோ எழுப்பினார்கள். சாதிச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வந்த பெண். மிஷினில் முகம் பட்டு அரித்திருக்கும். கையை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 15

நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. என் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்கள் எதையுமே நான் திட்டமிடவில்லை, கெட்டதைத்தான் உட்கார்ந்து யோசிப்பேன்.

காலைச் சாப்பாடு. குழலி அடுக்களையில். பாப்பா என் மடியில், தூக்கம் வந்து, அந்தக் கையைத் தூக்கினாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“எதுக்கு மாப்ள மூஞ்சியத் திருப்புதீங்க? அது என் பழக்கம். என்னப் பாத்துப் படிச்சிருக்கா.”

“நீங்க புருவம் தேய்ச்சு நான் பாத்ததில்லையே.”

“நீங்க என்னைக்கு என் மூஞ்சியப் பாத்தீங்க? கல்யாணப் பந்தல்லயே புஸ்தகம் வச்சிருந்த ஆளு.”

அவர் யோசித்தார். தத்துவக்காரர் யோசிப்பதை நேரில் பார்ப்பது, தோசை எப்போது வேகும் என்று பார்ப்பதுபோல. பிறகு மெதுவாக, “முந்தாநாள் சாப்பிடும்போது தேய்ச்சீங்க, இல்ல? அதுக்கு முந்தி ஒருநாள் பேப்பர் பாக்கும்போது?” என்றார்.

எனக்கே அது செய்தி. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு தானாகச் சாட்சியம் கொடுக்கும்போது யாரும் குறுக்கிட மாட்டார்கள். தலையை ஆட்டினேன்.

“சின்ன வயசுலருந்தே உண்டா?”

“குழலியக் கேளுங்க. என்கூட வளந்தவதான.”

குழலி அடுக்களை வாசலில் நின்றாள். கையில் கரண்டி. என்னைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது. அவள் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பாள், அதனால்தான் நேரம் எடுத்தாள்.

“ஆமா. சின்ன வயசுலயே அண்ணன் அப்படித்தான். பரீட்சைக்குப் படிக்கும்போது தேய்ச்சுக்கிட்டே இருப்பான். அம்மா திட்டுவா” என்றாள்.

திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை பாப்பாவை என் மடியிலிருந்து எடுத்தார். எடுக்கத் தெரியாது அவருக்கு, தடியங்காய் வைத்துப் பழகியிருக்கலாம். அவளுடைய அந்தச் சிறு கையைப் பிடித்துப் புருவத்தில் வைத்து, மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.

“அப்போ இது இங்க எழுதினது” என்றார். அவர் குரலை அப்படி நான் கேட்டதில்லை. ரயிலில் தொலைந்துபோன பையை யாரோ வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததுபோல்.

தோசை கருகிவிட்டது.

ஜூலை 17

பகவதி அக்காவிடம் மட்டும் சேனை விஷயத்தைச் சொன்னேன். அக்காவிடம் மட்டும் சொல்வது என்றால் தென்காசியிடம் சொல்வது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் தெருவே வந்து பாப்பா புருவத்தையும் என் புருவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனது. தாய்மாமன் சேனை அப்படியே பிடித்திருக்கிறது என்று தீர்ப்பு. ஒரு புருவத்துக்கு இப்போது இரண்டு தத்துவம். மாப்பிள்ளைக்குப் பார்த்துப் படித்தது. தெருவுக்குச் சேனை. இரண்டிலும் மூலவர் நானே. குழலி மட்டும் சேனை வைத்ததற்கு என் காதைத் திருகினாள். வலிக்கும்படி இல்லை.

ஜூலை 19

நினைவுகள் மழைக்குப் புற்றிலிருந்து ஈசல் வருவதுபோல் வருகின்றன. ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், புருவத்தைத் தேய்த்தால் விடை வராதுடா என்று பிரம்பால் தட்டியது. குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நின்று தண்ணீருக்குள்ளேயே தேய்த்துக்கொண்டது. அம்மா வேப்பெண்ணெய் தடவி முடியைப் படிய வைத்தது. நாற்பது வருடமாக என் முகத்திலேயே இருந்த சமாசாரம், ஒரு குழந்தை வந்து காட்டும்வரை நான் கவனிக்கவில்லை. பேனா மூடியைக் கடிப்பதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் புருவத்தைத் தேய்த்தால்தான் வரி வருகிறது. கண்ணாடியில் பார்த்தேன். இடது புருவம் சிலிர்த்த சேவலைப்போல் நிற்கிறது. பிறவியிலேயே அப்படித்தான்.

ஜூலை 24

கலெக்டர் ஆபீசில் பத்து நிமிட வேலைக்கு நாள் முழுவதும். நானும் போயிருந்தேன், பையைத் தூக்க. சம்மதமா என்று கேட்டார்கள். குழலி தலையை அசைத்தாள். மாப்பிள்ளை சம்மதம் என்றார், கேட்டு முடிக்கும் முன்பே. அதிகாரி கேள்வியைக் கேட்டு முடித்தார், இவர் இன்னொரு முறை சொன்னார். பாப்பா அவர் தோளில் எச்சில் வழிய, கை புருவத்தில்.

என்ன பெயர் என்று கேட்டபோதுதான் பெயரே வைக்கவில்லை என்று எல்லோருக்கும் நினைவு வந்தது. மாப்பிள்ளை யாரையும் கேட்காமல், நாளும் பார்க்காமல், செண்பகம் என்றார்.

திரும்பும்போது காரில் எல்லோரும் தூங்கினார்கள். வெயிலுக்குள்ளேயே சாரல். செண்பகம் தூக்கத்தில் சிரித்தாள். நரி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். குழலி கண்ணைத் திறக்காமலேயே, “பொய் சொல்லுது” என்று முணுமுணுத்தாள்.

ஆகஸ்ட் 3

பத்திரிகையில் இனி என் பக்கத்தைக் கலரில் போடுகிறார்களாம். புதுப் போட்டோ கேட்டார்கள். செண்பகத்தை மடியில் வைத்து, பழைய போட்டோவுக்குப் போட்ட அதே அதிர்ஷ்டச் சட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். குழலி போனில் எடுத்தாள். நல்ல வெளிச்சம், என் இடது புருவம் கம்பீரமாக எழுந்து நின்றது. செண்பகத்துடையதும். அசலையும் நகலையும் சேர்த்து ஒரே படம் என்று பீற்றிக்கொண்டேன். குழலி சிரித்துவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பழையதைவிட இது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, சுவரில் ஒட்டியிருந்த பத்தியின் அருகே போனைப் பிடித்துப் பார்த்தேன். அது போன பங்குனியில், செண்பகம் வரும் முன் எடுத்த போட்டோ. அதே சட்டை, அதே மீசை. இரண்டு புருவமும் படிந்து கிடக்கின்றன.